பத்துப் பேருக்கான புட்டி

அன்று பகல் ஒரு மணி வரை மூன்று பேர்தான் வந்திருந்தார்கள்.

பிரஜிதா மூவரையும் பெஞ்சில் உட்கார வைத்துப் பெயர் எழுதிக்கொண்டாள். பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் சேராமல் தடுப்பூசிப் புட்டியைத் திறப்பதில்லை என்பது கொற்றிக்கடவு துணை சுகாதார நிலையத்தின் வழக்கம். ஒரு புட்டியில் பத்துப் பேருக்கான மருந்து. ஊசியைக் குத்தித் திறந்துவிட்டால் நான்கு மணி நேரம்தான் அதற்கு ஆயுள். அதற்குள் ஆள் வராவிட்டால் மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். இத்தனை மாதங்களில் பிரஜிதா ஒரு சொட்டைக்கூடக் கொட்டியதில்லை. கை பதறாமல் இழுத்தால் பத்துப் பேருக்கான புட்டியிலிருந்து பதினோராவது ஊசியும் கிடைக்கும். அப்படி இழுப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டு மணிக்குப் பெஞ்சில் இருந்த படகுக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"சிஸ்டரே, இனி யாரும் வர்ற மாதிரி தெரியல. உன் வீடியோவ நானும் பாத்தேன். பாத்துட்டும் வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"அதுல நான் பேசினது முழுசா இல்ல ஏட்டா," என்றாள் பிரஜிதா, அண்ணன் முறையில்.

"முழுசா யாரு பாக்கறா?"

அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லி மூவரையும் அனுப்பிவிட்டு, திறக்காத புட்டியை மறுபடி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். பட்டியலை எடுத்துப் பார்த்தாள். வராத பெயர்களில் பத்து ஒரே கொத்தாக இருந்தன. காயலில் கல்லும்மக்காய் என்னும் சிப்பி வளர்க்கும் பெண்கள் குழு. பத்துப் பேரும் ஆகஸ்டில் ஒரே படகில் வந்து முதல் ஊசி போட்டுக்கொண்டவர்கள். இரண்டாவதற்கு நாள் கடந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பட்டியலில் முதல் பெயர் ரோகிணி. குழுவின் தலைவி. ஐம்பத்திரண்டு வயது, பனி விழத் தொடங்கினால் இழுப்பு வந்து, இரவெல்லாம் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். போன வருடம் டிசம்பரில் அவள் விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி எண்பத்தெட்டு காட்டியபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றவள் பிரஜிதாதான். அது கொரோனாகூட இல்லை, வெறும் பனி. அந்த மூச்சுக்குழலுக்குள் புதிதாக உருமாறி வந்திருக்கும் வைரஸ் புகுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பிரஜிதாவுக்குப் பயமாக இருந்தது. அது மாநிலத்துக்குள் வந்துவிட்டதாகச் செய்தி சொல்லி நான்கு நாள் ஆகியிருந்தது.

அதைவிடக் கஷ்டம், இத்தனை நாள் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருந்த அந்தப் பத்துப் பேரும் இப்போது அடியோடு வராமல் போனதற்குத் தானே காரணம் என்பது.

*

கொற்றிக்கடவில் ஆண்கள் பெண்கள் எல்லோருக்கும் விவாதம் என்றால் உயிர். உதயம் வாசகசாலையின் ஆண்டு விழாவில் நாடகம் இல்லாமல் போகலாம், பாட்டு இல்லாமல் போகலாம், விவாதம் இல்லாமல் போகாது. அதிலும் ஒரு விசேஷ விதி உண்டு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை, விழாவுக்கு மூன்று நாள் முன்பே, எவர்சில்வர் டம்ளரில் போட்ட சீட்டுதான் முடிவு செய்யும். தான் நம்புவதைப் பேச டீக்கடை இருக்கிறது, நம்பாததைப் பேசத்தான் வாசகசாலை என்பார் செயலாளர் சுகதன். கூட்டுறவுச் சங்கத்தில் உரம் விற்கும் வேலை அவருக்கு. உர மூட்டையைவிட வாசகசாலைச் சாவியைத்தான் பத்திரமாக வைத்திருப்பார்.

ஒரு வாரத்துக்கு முன் நடந்த இந்த வருட விழாவின் தலைப்பு: "உருமாறி வரும் வைரஸுக்குப் பழைய தடுப்பூசி போதுமா?"

பிரஜிதாவுக்கு வந்த சீட்டில் "போதாது" என்று இருந்தது. எதிர்ப்பக்கம் வந்தவர் பவித்ரன். இயற்கை வைத்தியத்தில் ஊறியவர். கொற்றிக்கடவில் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாத மிகச் சிலரில் ஒருவர். அவருக்கு "போதும்" என்று விழுந்தது. அதைப் படித்துக் காட்டியபோது சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

"டம்ளருக்கே கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

தலைப்பைப் பார்த்ததுமே பிரஜிதா தயங்கியிருக்க வேண்டும். அந்தத் தயக்கம் வராமலும் இல்லை. ஆனால் அவள் பள்ளி நாட்களில் மாவட்டம் வரை போய்ப் பேசியவள். கல்யாணம், நர்ஸ் வேலை, மகள், நோய்க்காலம் என்று பதினான்கு வருடமாக மைக் பிடிக்காத கை. விழா அன்று கூட்டத்தைப் பார்த்ததும் கைக்குப் பழைய சூடு திரும்பிவிட்டது.

"என்னைப் பாருங்க," என்று ஆரம்பித்தாள். "ரெண்டு ஊசியும் போட்டவ நான். மத்தவங்களுக்குப் போடறவளும் நான்தான். செப்டம்பர்ல என்ன ஆச்சு? அஞ்சு நாள் படுத்தேன். மீன் குழம்பு வாசனை தெரியாம பன்னெண்டு நாள் இருந்தேன். பழைய வைரஸுக்குத் தைச்ச சட்டை இது. வைரஸ் வளந்துருச்சு, சட்டை வளரல. இப்ப இன்னொண்ணு வருதாம். அது எவ்வளவு பெருசுன்னு யாருக்காவது தெரியுமா? தெரியாதப்ப போதும்னு எப்படிச் சொல்றது?"

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பவித்ரன் பாவம், மூன்று நாளாக உட்கார்ந்து படித்த காகிதங்களைப் புரட்டிப் புரட்டி நிதானமாகப் பேசினார். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் யார், சேராதவர்கள் யார் என்று கணக்கெல்லாம் சொன்னார். யாரும் சரியாகக் கேட்கவில்லை. பரிசாக வைத்திருந்த நேந்திர வாழைக்குலை பிரஜிதாவின் வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலையில் அவள் பேச்சின் ஒரு நிமிடத் துண்டு எல்லோர் போனிலும் இருந்தது. சீட்டு எடுத்த கதை அதில் இல்லை. டம்ளர் இல்லை, பவித்ரன் இல்லை. நீல நிறச் சேலையில் ஒரு சுகாதார ஊழியர் மைக் முன்னால் நின்று, ரெண்டு ஊசியும் போட்டவ நான், என்ன ஆச்சு, என்று கேட்டுக்கொண்டிருந்தார். கீழே யாரோ சிவப்பு எழுத்தில் சேர்த்திருந்தார்கள்: "நர்ஸே ஒப்புக்கொள்கிறார்!"

பிரஜிதா பதறிப்போய் அன்று மாலையே இன்னொரு வீடியோ போட்டாள். அது போட்டி, சீட்டில் வந்த பக்கத்தைப் பேசினேன், எல்லோரும் தயவுசெய்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று. அதற்கு வந்த முதல் பதில்: "மேலிடத்திலிருந்து மிரட்டல் வந்துவிட்டது. பாவம், கண்ணைப் பாருங்கள்."

அவள் கணவன் நிகேஷ் ஆட்டோ ஓட்டுகிறவன். ஊர்ப் பேச்செல்லாம் அவன் பின் சீட்டில்தான் ஏறி இறங்கும்.

"இன்னிக்கு மட்டும் ஆறு பேரு கேட்டாங்க," என்றான், வாழைப்பழத்தை உரித்தபடி. "உன் பொண்டாட்டி தைரியசாலின்னு மூணு பேரு. உன் பொண்டாட்டிக்கு வேல போயிடுமான்னு மூணு பேரு."

"அந்தப் பழத்தக் கீழ வை. எனக்குப் பாக்கவே பிடிக்கல."

"பழம் என்ன தப்பு பண்ணுச்சு? அது பாட்டுக்கு மரத்துல இருந்துச்சு."

மருத்துவ அலுவலர் போனில் அழைத்து அதிகம் திட்டவில்லை. "அடுத்த வியாழக்கிழமை புட்டி திறக்கணும் பிரஜிதா," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

*

திங்கட்கிழமை காலை அவள் காயல் கரைக்குப் போனாள். சீருடையில் போகவில்லை. வீட்டில் உடுத்தும் பழைய நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

பத்துப் பெண்களும் தென்னை நிழலில் வட்டமாக உட்கார்ந்து கயிறு தைத்துக்கொண்டிருந்தார்கள். விதைக்காய் வந்த நாளில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பாறைகளில் சுரண்டி எடுத்த நகத்தளவுக் குஞ்சுக் காய்கள் ஈரச் சாக்குகளில் வந்து இறங்கும். கயிற்றைச் சுற்றி அவற்றைப் பரத்தி, மெல்லிய பருத்தித் துணியால் பொதிந்து, நீளமாகத் தையல் போட வேண்டும். பிறகு காயலில் நட்ட மூங்கில் பந்தலிலிருந்து தண்ணீருக்குள் தொங்க விடுவார்கள். சில நாளில் துணி மக்கிப் போகும். அதற்குள் காய்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். சாக்கில் வந்த காய் மறுநாளுக்குள் தண்ணீரைப் பார்க்காவிட்டால் வாய் திறந்து செத்துவிடும்.

"யாரு வந்திருக்கா பாருங்க," என்றாள் ரோகிணி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேச்சாளர். மைக் இல்லாம வந்திருக்கா. குஞ்ஞாமினா, அந்தத் தேங்காய் மட்டைய எடுத்துக் குடு, பிடிச்சுக்கட்டும்."

குஞ்ஞாமினா குழுவிலேயே இளையவள். அவள் நிஜமாகவே ஒரு மட்டையை எடுத்து நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். பிரஜிதா அதை வாங்கிக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏச்சி, வியாழக்கிழமை ஏன் வரல?" என்று ரோகிணியை அக்கா முறையில் அழைத்துக் கேட்டாள்.

"நீதானே சொன்ன, சட்டை பத்தாதுன்னு? பத்தாத சட்டைய நாங்க எதுக்குப் போட?"

"அது போட்டி ஏச்சி. சீட்டுல வந்துச்சு, பேசினேன்."

"அப்ப பொய் சொன்னியா?"

பிரஜிதாவுக்கு அதுதான் சிக்கல். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"பொய் இல்ல. எனக்கு வந்தது நிஜம்தான். பாதிதான் சொன்னேன்."

"மீதிப் பாதி?"

"எங்கிட்டேருந்து வீட்டுல மாமனாருக்கும் ஒட்டிக்கிச்சு. எழுபத்தி நாலு வயசு, சர்க்கரை வேற. அவரும் ரெண்டு ஊசி போட்டவரு. ரெண்டு நாள் இருமினாரு. மூணாம் நாள் டிவில வாலிபால் பாத்துட்டு, டீல சக்கரை கம்மின்னு எங்கிட்ட சண்டை போட்டாரு. ஊசி இல்லாம இருந்திருந்தா..." அவள் நிறுத்தினாள். "அதுக்கு மேல யோசிக்க எனக்குத் தைரியமில்ல ஏச்சி."

தையல் கைகள் கொஞ்சம் மெதுவாயின.

"இத ஏன் அன்னிக்குச் சொல்லல?" என்று கேட்டாள் ரோகிணி.

"சொன்னா தோத்திருப்பேன்."

ரோகிணி ஊசியைத் துணியில் குத்திவிட்டு முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"ஒரு வாழைக்குலைக்காகவா மோளே?"

"ஆமா."

"பெரிய குலையா?"

"எட்டுச் சீப்பு."

குஞ்ஞாமினாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு வட்டம் முழுக்க. சிரித்த வேகத்தில் ரோகிணிக்கு இருமல் வந்தது. இருமலின் கடைசியில் அந்தச் சின்ன விசில் சத்தம். பிரஜிதாவின் கை தன்னை அறியாமல் அவள் முதுகுக்குப் போனது. ரோகிணி அதைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நேராக் கேக்கறேன், நேராச் சொல்லு. சீட்டு கீட்டு எடுக்காம. இப்ப வந்திருக்கற புதுசுக்கு இது நிக்குமா, நிக்காதா?"

பிரஜிதா யோசித்தாள். நிற்கும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். போஸ்டர்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பாதி சொன்னதன் பலன் என்ன என்று இந்த ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒட்டிக்காம தடுக்குமான்னு கேட்டா, பழையபடி தடுக்காதுன்னுதான் சொல்றாங்க. எவ்வளவுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது, இப்பத்தான் பாத்துட்டு இருக்காங்க. ஆனா ஒட்டிக்கிட்டாலும் மூச்சு முட்டற வரைக்கும் போகாம பிடிச்சு நிறுத்த நிறைய வாய்ப்பு இருக்கு. ஒரு ஊசியோட நின்னா அந்த வாய்ப்பு ரொம்பக் குறையும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

"தெரியாதுன்னு சொல்ற நர்ஸ இப்பத்தான் பாக்கறேன்," என்றாள் வட்டத்தில் ஒருத்தி.

ரோகிணி காயலைப் பார்த்தாள். "ரெண்டு வருசம் முன்னாடி மழைத்தண்ணி முன்னாடியே காயல்ல இறங்கி, உப்பு குறைஞ்சு, நூறு கயிறுல நாப்பது போச்சு. அறுபது நின்னுச்சு. அந்த அறுபதுலதான் எதிர்ல உக்காந்திருக்காளே, இவ பொண்ணு நிக்காஹ் நடந்துச்சு, என் வீட்டுக்கு ஓடு மாத்தினேன். நாப்பது போச்சேன்னு அடுத்த வருசம் கயிறு கட்டாம இருந்தோமா என்ன? எங்களுக்குப் பாதின்னா புரியும். நீ போய்ப் படிச்சவங்களுக்குச் சொல்லு."

பிரஜிதா மலைத்துப் போனாள். "புரியும்னா ஏன் வரல?"

பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குஞ்ஞாமினா தலையைக் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"சொல்லிடலாம் ஏச்சி. எத்தனை நாள் வைரஸ் மேலயே பழி போடறது?"

"என்ன சொல்லிடலாம்?" என்றாள் பிரஜிதா.

ரோகிணி பெருமூச்சு விட்டாள். "போன தடவை ஊசி போட்டதும் பத்துல ஏழு பேரு ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தோம். அது ஆகஸ்ட். கயித்து வேலை இல்ல, படுத்தா என்ன? இப்ப அப்படியா? ஜனவரி கடைசி வரைக்கும் லோடு வந்துட்டே இருக்கும். இந்த வெள்ளிக்கிழமைதான் பெரிய லோடு, இருபது சாக்கு. வியாழக்கிழமை ஊசி போட்டுட்டு வெள்ளிக்கிழமை பத்துப் பேரும் போர்வைக்குள்ள கிடந்தா யாரு தைப்பா? உங்க டாக்டரா? காயெல்லாம் செத்துப் போயிரும்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"வேலை இருக்குன்னு சொன்னா நீங்கல்லாம் திட்டுவீங்க. உசிரு முக்கியமா காய் முக்கியமான்னு கேப்பீங்க. பத்து நாள் முன்னாடி உன் வீடியோ வந்துச்சு. ஆகா, இது நல்ல பதிலா இருக்கேன்னு பிடிச்சுக்கிட்டோம். வேலைன்னா வாதாடுவீங்க, விஞ்ஞானம்னா வாயடைச்சுப் போவீங்க."

பிரஜிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வாரமாக அவள் தூக்கம் கெட்டு, மரபணு மாற்றம் பற்றியெல்லாம் தேடித் தேடிப் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தாள். கேள்வியோ இருபது சாக்கு விதைக்காயில் இருந்தது.

"பாதிப் பாதியா வாங்க. இந்த வாரம் அஞ்சு, அடுத்த வாரம் அஞ்சு."

"அஞ்சு பேர் தைச்சா இருபது சாக்கு தீராது. அதுவும் போக, இந்தக் குழுவுல எதுன்னாலும் பத்துப் பேரும் சேர்ந்துதான். இல்லேன்னா இல்ல. கடன் வாங்கினாலும் அப்படித்தான், கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான்."

பிரஜிதா எழுந்தாள். நைட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"வெள்ளிக்கிழமை தைக்க ஆள் வந்தா?"

"யாரு வருவா?"

"எனக்குக் கைதட்டினவங்க."

*

வாசகசாலையில் செவ்வாய்க்கிழமை மாலை பதினைந்து பேர் இருந்தார்கள். தொலைக்காட்சியில் அதே தலைப்பில் நான்கு டாக்டர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரஜிதா போய் அதை நிறுத்தினாள். விவாதம் நடக்கும்போது தொலைக்காட்சியை நிறுத்துவது அங்கே கிட்டத்தட்டக் குற்றம்.

"சுகதேட்டா, வெள்ளிக்கிழமை காலைல எனக்குப் பத்துப் பேரு வேணும். கயிறு தைக்க."

விஷயத்தைச் சொன்னாள். மறைக்காமல், வாழைக்குலை உட்படச் சொன்னாள். சுகதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கல்லும்மக்காய்க் கயிறா? அதுக்கும் வாசகசாலைக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க டம்ளர்தான் சம்பந்தம்."

"டம்ளர் மேல பழி போடாத. சீட்டு தப்பில்ல, வீடியோவ வெட்டிப் போட்டவன்தான் தப்பு."

"அவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாதில்ல? என்னைத் தெரியும், உங்களைத் தெரியும். இருக்கறவங்கதான் செய்யணும்."

பின்வரிசையில் முணுமுணுப்பு. ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு வெள்ளிக்கிழமை வங்கி வேலை. இன்னொருவர், உழைப்பை இப்படி இலவசமாகக் கொடுப்பது சரியா என்று ஒரு கோட்பாட்டுக் கேள்வியை எழுப்பினார். அதற்கு வேறொருவர் எழுந்து பதில் சொல்லத் தொடங்கினார். இப்படியே விட்டால் வெள்ளிக்கிழமை வரை பேசுவார்கள் என்று பிரஜிதாவுக்குத் தெரியும்.

அப்போது மூலையிலிருந்து பவித்ரன் எழுந்தார்.

"நான் வரேன்," என்றார். "நான் லுங்கி தைப்பேன். கயிறும் தைப்பேன்."

"பவித்ரா, நீ ஊசியையே தொட மாட்டியே!" என்று யாரோ சொல்ல, கூடம் குலுங்கியது. பவித்ரன் சிரிக்கவில்லை. காதுகள் மட்டும் சிவந்தன. ஆனால் உட்காரவும் இல்லை. அவர் நின்றுகொண்டே இருந்ததில் மற்றவர்களுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. சுகதன் பெயர் எழுத நோட்டை எடுத்தார்.

புதன்கிழமை மாலை ஒன்பது ஆண்களும் இரண்டு கல்லூரிப் பெண்களும் ஒத்திகைக்காகக் கரையில் வந்து நின்றார்கள். ரோகிணி ஆளுக்கொரு முழம் கயிற்றைக் கொடுத்துத் தைக்கச் சொன்னாள். சுகதன் தைத்ததைக் கையில் தூக்கி ஒரு உதறு உதறினாள். காய்கள் மழையாக மணலில் கொட்டின.

"செயலாளரே, இது கயிறா, சல்லடையா?"

"முதல் பதிப்புல பிழை இருக்கும் ரோகிணி. ரெண்டாம் பதிப்புல சரியாகும்."

"ரெண்டாம் பதிப்பு வரைக்கும் என் காய் உயிரோட இருக்காது. கிட்டக் கிட்டக் குத்துங்க. விரலத் துணிக்குள்ள குடுத்து, காயத் தள்ளிப் பிடிச்சுட்டுக் குத்தணும்."

இருட்டும்வரை தைக்க வைத்தாள். கடைசியில் பவித்ரனின் கயிறும் அந்தப் பெண்கள் இருவரின் கயிறும் உதறலைத் தாங்கின. சுகதனுடையதிலிருந்து நான்கு காய் மட்டும் விழுந்தது. ரோகிணி அந்த நான்கையும் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள். "நாளைக்குப் படகு வரும்."

*

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் படகு வந்தது. பத்துப் பேரும் கோவிலுக்குப் போவதுபோல நல்ல சேலை உடுத்தியிருந்தார்கள். அதற்கு முன்பே சென்ற வாரத்து மூவரும், கயிறு தைக்கும் ஏற்பாட்டைக் கேள்விப்பட்டு இன்னும் எட்டுப் பேரும் வந்து, முதல் புட்டி தீர்ந்திருந்தது. பிரஜிதா இரண்டாவது புட்டியை எடுத்தாள். நேரம் எழுதினாள். ஊசியைக் குத்தினாள்.

ரோகிணி ரவிக்கைக் கையை மேலே ஏற்றியபடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காயலில் கழுத்தளவு நீரில் நின்று வேலை செய்பவள், ஊசிக்கு மட்டும் குழந்தை.

"முடிஞ்சுது ஏச்சி."

"எங்க, இன்னும் குத்தவே இல்லையே?"

"முடிஞ்சே போச்சு."

"இதுக்கா இத்தனை விவாதம்?" என்று எழுந்து போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பத்தாவதாகக் குஞ்ஞாமினா போட்டுக்கொண்டு எழுந்தபோது, வாசலில் யாரோ செருமினார்கள். பவித்ரன் நின்றிருந்தார். துவைத்த சட்டை. கையில் ஆதார் அட்டை.

"சிஸ்டரே," என்றார் மிக மெதுவாக, "எனக்கு ஒண்ணு இருக்குமா?"

பெஞ்சில் பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். குஞ்ஞாமினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரோகிணி அவள் தொடையைக் கிள்ளினாள்.

"பவித்ரேட்டா, நீங்களா?"

"உங்கிட்டத் தோத்தேன்ல? அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போயி, நான் பேசினதையே மறுபடி எடுத்துப் படிச்சுப் பாத்தேன். எங்க தப்புன்னு தேடினேன். தப்பு கிடைக்கல." அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருகிட்டயும் சொல்லாத. வாசகசாலைல என்னைச் சும்மா விட மாட்டாங்க."

பிரஜிதா புட்டியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் ஈரம் தெரிந்தது. புட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, ஊசி முனையை ரப்பர் மூடியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தாள். காற்றுக்குமிழி ஒன்று ஏறியது. விரலால் சுண்டி அதை விரட்டினாள். அளவுக்கோடு வரை மருந்து வந்து நின்றது. சரியாக, ஒரு மயிரிழை குறையாமல்.

"இருக்கு," என்றாள்.

*

வெள்ளிக்கிழமை விடியும்போதே லோடு வந்துவிட்டது. பத்துப் பேரில் ஐந்து பேருக்குக் காய்ச்சல். இருவர் தலைவலியோடு கரைக்கு வந்து, போகச் சொல்லியும் போகாமல், வேலை செய்பவர்களுக்குத் தப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பவித்ரனுக்கும் உடம்பு சுட்டது. ஏன் சுடுகிறது என்று யாரிடமும் சொல்ல முடியாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தைத்தார்.

பிரஜிதா விடுப்பு எடுத்திருந்தாள். காலையில் ஐந்து வீட்டுக்கும் ஆட்டோவில் ஒரு சுற்றுப் போய், சூடு பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வந்தாள். ரோகிணி வீட்டில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்தாள். உடம்புச் சூடு நூற்றியொன்று இருந்தது. விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றேழு காட்டியது. முதுகில் காதை வைத்துக் கேட்டாள். மூச்சு வந்தது, போனது, வந்தது. விசில் இல்லை.

"என்ன கேக்கற, காயல் சத்தமா?" என்றாள் ரோகிணி போர்வைக்குள்ளிருந்து. "இங்க உக்காந்து என்ன பண்ற? போ. எத்தனை சாக்கு ஆச்சு?"

"அஞ்சு."

"எட்டு மணிக்கு அஞ்சா? விளங்கின மாதிரிதான்."

பத்து மணிக்கெல்லாம் கரையில் கைகள் பழகிவிட்டன. சுகதன் வாயை மூடவில்லை; மூன்றாவது ஊசி தேவைப்படுமா, பணக்கார நாடுகள் மூன்றாவது போட்டால் முதலே போடாத நாடுகளின் கதி என்ன என்று ஒரு புது விவாதத்தைக் கிளப்பிவிட்டிருந்தார். அதில் கல்லூரிப் பெண்கள் இருவரும் அவரை இரண்டு பக்கத்திலிருந்தும் மடக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருடைய பேச்சையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் யாருடைய ஊசியும் நிற்கவில்லை. பிரஜிதாவின் வாயிலும் இரண்டு மூன்று தடவை பதில் வந்தது. அதில் ஒன்றுக்கு நிச்சயம் கைதட்டல் விழும் என்றும் தெரிந்தது. அவள் நூலைக் கோத்து அடுத்த கயிற்றை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மதியம் போன் அடித்தது. ரோகிணி வீடியோவில் வந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள், கண்கள் சிவந்திருந்தன.

"போனக் கீழ காட்டு. இன்னும் கீழ. அந்தப் பச்சைச் சட்டை தைச்சது எது? அதுவா? பிரிச்சுத் தைக்கச் சொல்லு."

"பிரிக்க முடியாது ரோகிணி, மூணு சாக்கு பாக்கி!" என்று பச்சைச் சட்டைக்காரரான சுகதன் கத்தினார்.

"அப்படின்னா அத ஆழம் கம்மியா இருக்கற பக்கத்துல கட்டுங்க. விழுந்தாலும் பொறுக்கிக்கலாம். பிரஜிதா, பந்தல்ல கிழக்கால வரிசை முதல்ல. நீரோட்டம் திரும்பறதுக்குள்ள."

படகில் கயிறுகளை அடுக்கினார்கள். ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். பிரஜிதா நைட்டியை முழங்கால் வரை செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையில் போனைப் பிடித்திருந்தாள். அதில் ரோகிணி இன்னும் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். பவித்ரன் கழியை ஊன்றித் தள்ள, படகு கரையை விட்டு நகர்ந்தது.

"ஏச்சி, நீங்க கஞ்சி குடிச்சீங்களா?"

"குடிச்சேன். ரெண்டு கிண்ணம். போனத் திருப்பு, தண்ணி தெரியட்டும்."

பிரஜிதா போனைத் திருப்பிப் பிடித்தாள். முதல் கயிறு பந்தலிலிருந்து இறங்கி, வெள்ளைத் துணி தெரிய, மெல்ல நீருக்குள் போனது.